விதைக்குள்ளே எத்தனை செட்டு? கணக்குத் தெரிந்தால்தான் விதை நம் கையில்!



நம் துண்டறிக்கையின் தலையங்கம் வழக்கமாகத் தண்ணீரைப் பற்றித்தான் இருக்கும். மேட்டூர், முறைப்பாசனம், கடைமடை, தூர் வாருதல் என்று எழுதி எழுதி நமக்கும் கை ஓய்ந்துவிட்டது, உங்களுக்கும் படித்துப் படித்து மனப்பாடம் ஆகிவிட்டது. இந்த முறை விதையைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. காரணம், நம் சங்க ஆபீசுக்கு ஒரு பெரியவர் வந்தார். கையில் ஒரு பிடி கதிர். கண்ணில் தண்ணீர்.

மூன்று மா நிலம் வைத்திருக்கிறவர். போன சம்பாவுக்கு ஒரு கடையில் வீரிய ஒட்டு நெல் வாங்கி நட்டார். நல்லாத்தான் விளைந்தது. சந்தோஷப்பட்டு, அதிலேயே நல்ல கதிராகப் பார்த்து எடுத்து, காயவைத்து, வேப்பிலை போட்டு, விதை கட்டி வைத்தார். இந்த முறை அதையே நாற்று விட்டு நட்டார். வயலைப் பார்த்தால் ஒரு தூர் இடுப்பு உயரம், ஒரு தூர் முழங்கால் உயரம். ஒன்று கதிர் பழுத்துத் தலை சாய்கிறது, பக்கத்தில் இருப்பது இப்போதுதான் பூட்டை கட்டுகிறது. சில தூர் முழுக்கப் பதர். அறுவடை மெஷினை எந்தத் தேதிக்கு விடுவது?

“தம்பி, நாலு தலைமுறையா வெத கட்டுறோம். கோட்டை கட்டத் தெரியாதவனா நானு? எங்க தப்பு பண்ணேன், சொல்லு” என்றார்.

அவர் ஒரு தப்பும் செய்யவில்லை. அந்த விதைக்கு உள்ளே இருந்த கணக்கை அவருக்கு யாரும் சொல்லவில்லை. விற்றவனும் சொல்லவில்லை, பையில் அச்சடித்தவனும் சொல்லவில்லை. அந்தக் கணக்கைத்தான் இந்தத் தலையங்கத்தில் போட்டுக் காட்டப் போகிறோம். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு வீட்டுப் பிள்ளைகள் படித்துச் சொல்லுங்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் குரோமோசோம் என்றால் தெரியும்.

நெல்லுக்கு இரண்டு செட்டு

செடியோ, மாடோ, மனுஷனோ, எல்லாம் செல்களால் ஆனது. கண்ணுக்குத் தெரியாத சின்ன அறைகள். ஒவ்வொரு அறைக்குள்ளும் நூல் நூலாகக் குரோமோசோம்கள் இருக்கின்றன. உயரம் எவ்வளவு, எத்தனை நாளில் கதிர் வரும், அரிசி வெள்ளையா சிவப்பா, உப்பைத் தாங்குமா தாங்காதா என்று எல்லாச் சேதியும் அந்த நூலில்தான் எழுதியிருக்கிறது. பத்திரப்பதிவு ஆபீசில் நம் நிலத்தின் பத்திரம் இருக்கிற மாதிரி.

நெல்லுக்கு ஒரு செட்டு என்பது 12 குரோமோசோம். அந்த மாதிரி இரண்டு செட்டு இருக்கும். மொத்தம் 24. ஒரு செட்டு மகரந்தத்தின் வழியாக அப்பனிடமிருந்து வந்தது, ஒரு செட்டு சூலின் வழியாக ஆத்தாளிடமிருந்து வந்தது. மனுஷனுக்கும் இரண்டு செட்டுதான், ஒரு செட்டுக்கு 23, மொத்தம் 46. இரண்டு செட்டு உள்ளதை இருமடியம் என்று பாடப்புத்தகத்தில் எழுதியிருப்பார்கள்.

பூ பூக்கும்போது இந்த இரண்டு செட்டும் ஜோடி சேர்ந்து, பிறகு பிரிந்து, ஜோடிக்கு ஒன்றாக மகரந்தத்துக்குள் 12 போகும், சூலுக்குள் 12 போகும். இரண்டும் சேர்ந்தால் மறுபடி 24. இதுதான் விதை பிறக்கிற கணக்கு.

இதில் நெல்லுக்கு ஒரு பெரிய குணம் உண்டு. நெல் பூ காலையில் வாய் திறக்கிறபோதே அதன் மகரந்தம் அதன் சூல்முடியிலேயே விழுந்துவிடும். அநேகமாகத் தன் பூவுக்குத் தானே கரு. அப்பனும் ஆத்தாளும் ஒரே செடி. பல தலைமுறை இப்படியே நடந்தால் இரண்டு செட்டும் ஒன்றுக்கொன்று நகல் மாதிரி ஆகிவிடும். எந்த செட்டில் எதை எடுத்தாலும் ஒரே சேதிதான். அதனால்தான் நம் பாட்டன் கட்டிய மாப்பிள்ளைச் சம்பா விதை நம் அப்பன் வயலிலும் மாப்பிள்ளைச் சம்பாவாகவே முளைத்தது. ஆடுதுறை ரகமும் சரி, சி.ஆர்.1009-ம் சரி, இந்தக் கணக்குத்தான். கலவனைப் பிடுங்கிப் போட்டு, நன்றாகக் காயவைத்துக் கட்டினால் அடுத்த பட்டத்துக்கு விதை நம் வீட்டிலேயே இருக்கிறது.

வீரிய ஒட்டில் என்ன நடக்கிறது?

வீரிய ஒட்டு நெல்லுக்கும் இரண்டு செட்டுதான். ஆனால் அந்த இரண்டும் வேறு வேறு குடும்பம். ஒரு ரகத்திலிருந்து ஒரு செட்டு, இன்னொரு ரகத்திலிருந்து ஒரு செட்டு. முதல் தலைமுறையில் எல்லாச் செடிக்கும் அதே இரண்டு செட்டு இருப்பதால் வயல் வரப்பிட்ட மாதிரி ஒரே சீராக நிற்கும். வீரியமாகவும் வளரும். அது பொய் இல்லை.

அடுத்த தலைமுறையில்தான் வில்லங்கம். 12 ஜோடியிலும் ஜோடிக்கு ஒன்றாக மகரந்தத்துக்குள் போக வேண்டும். எந்த ஜோடியில் எது போகும் என்று கட்டளை கிடையாது. பூவா தலையா போட்ட மாதிரி. 2-ஐ 12 முறை பெருக்கிப் பாருங்கள், 4096 வரும். அத்தனை விதமான மகரந்தம், அத்தனை விதமான சூல். குரோமோசோம்கள் தங்களுக்குள் துண்டு மாற்றிக்கொள்வதையும் சேர்த்தால் கணக்கு இன்னும் எங்கேயோ போகும். ஒரு விதை மாதிரி இன்னொரு விதை இருக்காது. வீரிய ஒட்டு விதை தயாரிக்க ஒரு பக்கத்துப் பெற்றோரை மலடாக்கி வைத்திருப்பார்கள். அந்த மலட்டுத்தனமும் அடுத்த தலைமுறையில் சில செடிகளில் தலைகாட்டும். பெரியவர் வயலில் சில தூர் பதராக நின்றது அதனால்தான்.

ஆக, பெரியவர் கட்டிய கோட்டையில் குறை இல்லை. வருஷா வருஷம் கடைக்கு வரவேண்டிய விதையை அவர் வீட்டு விதை என்று நம்பிவிட்டார். பையில் அதைத் தமிழில், பெரிய எழுத்தில், “இதை மறுபடி விதைக்காதே” என்று போட்டிருந்தால் மூன்று மா வயல் தப்பித்திருக்கும்.

மூன்று செட்டு: வாழைக்கு ஏன் விதை இல்லை?

இப்போது திருவையாறு, திருச்சிப் பக்கம் போவோம். பூவன், ரஸ்தாளி, நேந்திரன், மொந்தன், கற்பூரவல்லி, புதிதாக வந்த ஜி-9, எல்லாவற்றுக்கும் மூன்று செட்டு. ஒரு செட்டுக்கு 11, மொத்தம் 33. மூன்று பேரை ஜோடி சேரச் சொன்னால் ஒருத்தன் தனியாகத்தானே நிற்பான்? 11 வகையிலும் அந்த மூன்றாவது ஆள் ஒரே பக்கமாக ஒழுங்காகப் போய்ச் சேருவது 1024-ல் ஒரு முறைதான் வாய்க்கும். மற்றதெல்லாம் கூடக் குறைய ஆகிக் கெட்டுப்போகும். அதனால் விதை பிடிக்காது. கரு இல்லாமலே பழம் திரளுகிற குணமும் வாழைக்கு இருப்பதால் நமக்குப் பழம் கிடைக்கிறது. காட்டு வாழைக்கு இரண்டு செட்டுதான், அதைக் கடித்தால் பல்லில் கல் மாதிரி விதை. மட்டியும் ஏலக்கியும் இரண்டு செட்டு உள்ள வாழைகள் என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

விதை இல்லாத வாழையைக் கன்று வைத்துத்தான் பெருக்குகிறோம். கன்று என்பது தாயின் நகல். இதில் ஒரு லாபம், ஒரு ஆபத்து. லாபம் என்னவென்றால், யாரிடமும் விதை வாங்க வேண்டாம், பக்கத்துத் தோட்டத்து அண்ணன் இரண்டு கன்று கொடுத்தால் போதும். ஆபத்து என்னவென்றால், எல்லாம் ஒரே மரம் மாதிரி. ஒரு மரத்தை நோய் சாய்த்தால் எல்லா மரத்தையும் சாய்க்கும். ‘குரோ மிஷேல்’ என்ற வாழையை நம்பி மத்திய அமெரிக்காவே ஏற்றுமதி செய்தது. பனாமா வாடல் நோய் வந்து 1950-களில் அந்த வியாபாரமே படுத்தது. நம் ரஸ்தாளித் தோட்டங்களை வாட்டுவதும் அந்தக் குடும்பத்து நோய்தான். ஜி-9 வகையைக் கொல்லுகிற புதிய வாடல் நோய் பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் வந்துவிட்டது. அதனால் திசு வளர்ப்புக் கன்று வாங்கும்போது நோய்ச் சோதனை செய்த சான்று கேட்க வேண்டும். ஒரே ரகத்தை மாவட்டம் முழுக்க வைக்காமல் நாலு ரகமும் கலந்து வைப்பதுதான் புத்தி. திருச்சியில் வாழைக்கென்றே தேசிய ஆராய்ச்சி மையம் 1993 முதல் இருக்கிறது. அது நம் வரிப்பணத்தில் நடப்பது. போய்க் கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு.

கண்வலிக் கிழங்கும் விதையில்லாத் தர்பூசணியும்

விதையில்லாத் தர்பூசணி என்று சாலையோரம் விற்கிறார்களே, அதுவும் மூன்று செட்டுதான். ஆனால் வாழை மாதிரி இயற்கையாக வந்ததல்ல. மனுஷன் கணக்குப் போட்டுச் செய்தது. தர்பூசணிக்கு இரண்டு செட்டு, 22 குரோமோசோம். நாற்றாக இருக்கும்போது அதன் குருத்தில் கோல்சிசின் என்ற மருந்தை வைத்தால், செல் இரண்டாகப் பிரியாமல் நின்று, செட்டு இரண்டு மடங்காகி 44 ஆகும். அந்த நாலு செட்டுச் செடியைத் தாயாக வைத்து, இரண்டு செட்டுச் செடியின் மகரந்தத்தைச் சேர்த்தால் மூன்று செட்டு, 33. பழம் உண்டு, விதை கிடையாது. ஜப்பானில் கிஹாரா என்ற விஞ்ஞானி இதைச் செய்து காட்டினார்.

கோல்சிசின் செட்டை இரட்டிக்கும் என்று 1937-ல் உலகத்துக்குத் தெரியவந்தது. அந்த மருந்து எதில் இருக்கிறது தெரியுமா? நம் கண்வலிக் கிழங்கில்! நம் மாநிலப் பூவான செங்காந்தள். மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் பக்கம் நம் விவசாயிகள்தான் அதைப் பந்தல் போட்டு வளர்த்து விதையை விற்கிறார்கள். கண்வலி விதையை விற்கிறவன் விவசாயி. அதிலிருந்து வந்த அறிவை விதைப்பையில் அடைத்துக் கிராம் கணக்கில் விற்கிறவன் கம்பெனி. வாங்குகிறவன் மறுபடியும் விவசாயி. இந்தச் சக்கரத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

இந்த இடத்தில் ஒரு பயத்தையும் போக்கிவிட வேண்டும். செட்டு கூடினாலே விஷம், மரபணு மாற்றம் என்று சிலர் கிளப்பிவிடுகிறார்கள். அது தப்பு. சப்பாத்திக் கோதுமைக்கு ஆறு செட்டு, 42 குரோமோசோம். ஆயிரக்கணக்கான வருஷமாக உலகம் சாப்பிடுகிறது. உருளைக்கிழங்குக்கு நாலு செட்டு, 48. இதெல்லாம் இயற்கையாக நடந்தது. செட்டு கூடுவது வேறு, வேறொரு உயிரின் மரபணுவை உள்ளே நுழைப்பது வேறு. அதே மாதிரி, செட்டு கூடினால் விளைச்சல் கூடும் என்று எவனாவது விற்க வந்தால் அதையும் நம்பாதீர்கள். நெல்லுக்கு இரண்டு செட்டுதான், அதுதான் பாதி உலகத்துக்குச் சோறு போடுகிறது. செட்டு இரட்டைப்படையாக இருந்து ஒழுங்காக ஜோடி சேர்ந்தால் விதை பிடிக்கும். ஒற்றைப்படையானால் மலடு. இந்த ஒரு வரியை மனதில் வையுங்கள்.

நாணலும் கரும்பும்: அரசாங்கம் செய்த நல்ல காரியம்

குறை மட்டும் சொல்லிப் பழகியவர்கள் அல்ல நாம். நல்லதையும் சொல்ல வேண்டும். கோயம்புத்தூரில் 1912-ல் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கப்பட்டது. அங்கே பார்பர் என்ற வெள்ளைக்காரரும், நம் டி.எஸ்.வெங்கட்ராமனும் ஒரு காரியம் செய்தார்கள். ‘வெள்ளை’ என்ற இனிப்புக் கரும்பையும், ஆற்றங்கரையில் சும்மா கிடக்கிற நாணலையும் ஒட்டுச் சேர்த்தார்கள். கொள்ளிடக் கரையில் மாடுகூட யோசித்துத் தின்கிற அதே நாணல்! அதில் பிறந்ததுதான் கோ 205. 1918-ல் பஞ்சாப் விவசாயிகளின் கைக்குப் போனது.

இதன் கணக்கு விசித்திரம். வெள்ளைக் கரும்புக்கு 80 குரோமோசோம், அந்த நாணலுக்கு 64. பாதி பாதி சேர்ந்தால் 72 வரவேண்டும். ஆனால் கோ 205-க்கு 112. ஏனென்றால் தாய்க் கரும்பு தன் 80-ஐயும் முழுசாகக் கொடுத்துவிட்டது, நாணல் பாதியான 32-ஐக் கொடுத்தது. தாயின் இனிப்பு போகாமல், நாணலின் முரட்டுத்தனமும் வந்து சேர்ந்தது. இந்தக் கரும்புக் குரோமோசோம்களை எண்ணிக் கணக்கெடுத்தவர்களில் ஒருவர் இ.கே.ஜானகி அம்மாள். தலச்சேரியில் பிறந்து, கோயம்புத்தூர் நிலையத்தில் வேலை பார்த்தவர். பயிர்களின் குரோமோசோம் எண்ணிக்கையெல்லாம் தொகுத்து டார்லிங்டனோடு சேர்ந்து 1945-ல் புத்தகம் போட்டவர்.

நாம் சொல்ல வருவது இதுதான். அது அரசாங்க நிலையம். கரும்பு கரணை வைத்து நடுகிற பயிர். ஒருமுறை வாங்கினால் கரணையை வெட்டிப் பக்கத்து வயலுக்குக் கொடுக்கலாம். விஞ்ஞானம் பொதுச் சொத்தாக இருந்தது, விதை விவசாயியின் சொத்தாக இருந்தது. நாம் விஞ்ஞானத்துக்கு எதிரி இல்லை. விஞ்ஞானத்தைப் பூட்டிச் சாவியை ஒருத்தன் மட்டும் வைத்துக்கொள்வதற்குத்தான் எதிரி.

பருத்தியில் போன சாவி

நம் திருவாரூர் மாவட்டத்தில் நெல் அறுத்த தரிசில் கோடைப் பருத்தி போடுகிறோம். நம் நாட்டுப் பருத்தியான கருங்கண்ணிக்கு இரண்டு செட்டு, 26. அமெரிக்கப் பருத்திக்கு நாலு செட்டு, 52. நாட்டுப் பருத்தி இழை குட்டை, ஆனால் சாறு உறிஞ்சும் பூச்சியைத் தாங்கும், இலைச்சுருட்டு வைரஸ் அதை அண்டாது. இரண்டையும் ஒட்டுச் சேர்த்தால் 26-ல் பாதி 13, 52-ல் பாதி 26, ஆக 39. மூன்று செட்டு, மலடு. அதனால் நாட்டுப் பருத்தியின் தைரியத்தை அமெரிக்கப் பருத்திக்குக் கொண்டுபோவது லேசான வேலையாக இல்லை.

நாலு செட்டுப் பருத்தியிலும் எம்.சி.யு.5, எல்.ஆர்.ஏ.5166 மாதிரி ரகங்கள் இருந்தன. அவற்றின் கொட்டையை எடுத்து வைத்து மறுபடி விதைக்கலாம். 2002-ல் பி.டி. பருத்திக்கு அனுமதி வந்தபோது அது வீரிய ஒட்டாக வந்தது. வருஷா வருஷம் பாக்கெட். ரகமாகவே பி.டி.யைக் கொடுத்திருந்தால் விதை நம் வீட்டிலேயே இருந்திருக்கும். பி.டி. நல்லதா கெட்டதா என்று ஊரெல்லாம் சண்டை போட்டோம். வீரிய ஒட்டா, ரகமா என்ற கேள்வியை யாரும் கேட்கவில்லை. சாவி போனது அந்தக் கேள்வியில்தான்.

இயற்கை பூட்டாத இடத்தில் சட்டம் பூட்டுகிறது

உருளைக்கிழங்கை விதைக்கிழங்கு வைத்து நடலாம், எடுத்ததை மறுபடி நடலாம். அதில் வீரிய ஒட்டுப் பூட்டு இல்லை. அப்போது கம்பெனி என்ன செய்தது? 2019 ஏப்ரலில், தங்களுக்குப் பதிவான எஃப்.சி.5 உருளைக்கிழங்கைப் போட்டார்கள் என்று குஜராத் விவசாயிகள் மேல் பெப்சிகோ வழக்குப் போட்டது. நாலு பேரிடம் ஆளுக்கு ஒரு கோடி ரூபாய்க்கு மேல் நஷ்டஈடு கேட்டது. நாடு முழுக்க விவசாயிகள் கொதித்து எழுந்தார்கள். அடுத்த மாதமே வழக்கை வாபஸ் வாங்கினார்கள். 2021 டிசம்பரில் பயிர் ரகப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பதிவையே ரத்து செய்தது. கம்பெனி மேல்முறையீட்டுக்குப் போனது. 2024 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்ற அமர்வு கம்பெனிக்குச் சாதகமாக அந்த ரத்தைத் தள்ளியது.

நம் கையில் ஆயுதம் இல்லாமல் இல்லை. 2001-ம் வருஷத்துப் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டத்தின் 39-வது பிரிவைப் படியுங்கள். பதிவு பெற்ற ரகமாக இருந்தாலும் விவசாயி தன் விளைச்சலிலிருந்து விதை எடுத்து வைக்கலாம், விதைக்கலாம், மறுபடி விதைக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், பகிர்ந்துகொள்ளலாம், விற்கலாம். பிராண்டு பெயர் போட்டு மட்டும் விற்கக் கூடாது. பதிவு பெற்ற ரகத்தை விற்கிறவர் என்ன விளைச்சல் வரும் என்று சொல்ல வேண்டும், சொன்னபடி வராவிட்டால் நஷ்டஈடு கேட்கலாம் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. ஆனால் வீரிய ஒட்டாகவே எல்லா விதையும் வந்தால், எடுத்து வைக்கிற உரிமை ஏட்டுச் சுரைக்காய்தானே?

1966-ம் வருஷத்து விதைச் சட்டத்துக்குப் பதிலாகப் புதுச் சட்டம் கொண்டுவர 2004-லிருந்து முயற்சி நடக்கிறது. 2019-ல் ஒரு வரைவு வந்தது. 2025 நவம்பரில் ஒன்றிய அரசு இன்னொரு வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. எந்த வரைவு சட்டமானாலும் இந்த 39-வது பிரிவின் உரிமையில் கை வைக்கக் கூடாது என்பதில் நாம் விழிப்பாக இருக்க வேண்டும்.

உப்புக்கு மருந்து நம் வீட்டுப் பானையில்

கடைசியாக நம் ஊர்ச் சங்கதிக்கு வருவோம். கோரையாறும் பாமணியாறும் கடலைத் தேடிப் போகிற இடத்தில், அலையாத்திக் காட்டுக்கு இந்தப் பக்கம் நாம் நெல் போடுகிறோம். தில்லைவிளாகம், இடும்பாவனம், தொண்டியக்காடு பக்கத்து மக்களுக்கு உப்பைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டாம். மேலே இருந்து நல்ல தண்ணீர் தாமதமானால் கீழே இருந்து உப்புத் தண்ணீர் ஏறுகிறது. உப்பைத் தாங்குகிற நெல் கிடைக்குமா என்பது நமக்கு வாழ்வா சாவா கேள்வி.

நெல்லின் பங்காளி ஒருத்தன் இருக்கிறான். சுந்தரவனம் மாதிரிக் கழிமுகச் சேற்றில் முளைக்கிற காட்டு நெல். கடல் தண்ணீர் ஏறி மூடினாலும் சாகமாட்டான். இலை வழியாக உப்பைக் கக்கிவிடுவான். அவன் குணம் நம் நெல்லுக்கு வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! ஆனால் அவனுக்கு நாலு செட்டு, 48. நம் நெல்லுக்கு 24. ஒட்டுச் சேர்த்தால் 24-ம் 12-ம் சேர்ந்து 36. மூன்று செட்டு, அதுவும் ஒன்றோடொன்று ஒட்டாத செட்டு. கரு தங்குவதே அபூர்வம், தங்கினாலும் மலடு. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 2013-ல் ஐ.ஆர்.56 நெல்லோடு அவனைச் சேர்த்து, கருவைக் குடுவையில் வைத்துக் காப்பாற்றினோம் என்று அறிவித்தது. ஆயிரக்கணக்கான பூவில் முயன்று ஒன்றிரண்டு தேறிய வேலை அது.

இப்போது இன்னொரு பக்கம் பாருங்கள். கேரளாவில் பொக்காளி என்று ஒரு பழைய நெல், உப்புத் தண்ணீரில் விளைவது. அதற்கு இரண்டு செட்டு, 24, நம் நெல் மாதிரியே. அதனால் அதன் உப்புத் தாங்கும் குணத்தைச் சாதாரண ஒட்டுமுறையிலேயே மற்ற நெல்லுக்குக் கொண்டுவர முடிகிறது. அந்தக் குணம் முதல் குரோமோசோமில் இருப்பதையும் கண்டுபிடித்துவிட்டார்கள். வெள்ளத்தில் இரண்டு வாரம் மூழ்கினாலும் பிழைக்கிற சி.ஆர்.1009 சப்-1 எப்படி வந்தது? ஒரிசாவின் பழைய நெல் ஒன்றின் ஒன்பதாவது குரோமோசோமிலிருந்து வந்த குணம் அது. அந்தப் பழைய நெல்லை யாரோ ஒரு விவசாயி குடும்பம் விடாமல் கட்டி வைத்திருந்ததால்தானே இன்றைக்கு நம் வயல் தப்பிக்கிறது?

ஆக, களர்பாலை, குழியடிச்சான் என்று நம் பாட்டன்மார் உப்பு நிலத்துக்கு வைத்திருந்த நெல்லெல்லாம் மியூசியப் பொருள் அல்ல. அவை நம் நெல்லோடு செட்டுக்குச் செட்டு பொருந்துகிற சொந்தங்கள். எந்த ஆராய்ச்சி நிலையத்துக்கும் இதைவிட லேசான, மலிவான பொக்கிஷம் கிடையாது. பக்கத்தில் திருத்துறைப்பூண்டி ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் ஊர் ஊராக அலைந்து பாரம்பரிய நெல்லைச் சேகரித்து, திருவிழா நடத்தி, ஆளுக்கு இரண்டு கிலோ கொடுத்து நாலு கிலோவாகத் திரும்ப வாங்கினார். 2018 டிசம்பரில் மறைந்தார். அவர் செய்தது வெறும் ஆசையால் செய்த காரியம் என்று நினைக்காதீர்கள். அது நாளைய விஞ்ஞானத்துக்கான முதல்.

நம் கோரிக்கைகள்

1. எல்லா விதைப்பையிலும் தமிழில், பெரிய எழுத்தில், இது ரகமா வீரிய ஒட்டா, இதை எடுத்து மறுபடி விதைக்கலாமா கூடாதா என்று அச்சிட வேண்டும். படிக்கத் தெரியாதவர்களுக்காக ஒரு நிற அடையாளமும் வேண்டும்.

2. உப்பையும் வெள்ளத்தையும் தாங்கும் நெல் ரகங்களின் சான்று விதை, சம்பா நாற்று விடுவதற்கு முன்பே கடைமடை ஒன்றியங்களுக்குக் கிடைக்க வேண்டும். நாற்று விட்ட பிறகு வரும் விதை கோழிக்குத்தான் ஆகும்.

3. பாரம்பரிய நெல்லுக்கு ஒன்றியத்துக்கு ஒரு விதை வங்கி வேண்டும். அந்த ரகங்களை விவசாயிகளின் பெயரிலேயே பதிவு செய்து கொடுக்க வேண்டும். 2001 சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது.

4. பருத்தியில் மறுபடி விதைக்கக்கூடிய ரகங்களை அரசு நிலையங்கள் பெருக்கித் தர வேண்டும். திசு வளர்ப்பு வாழைக் கன்றுக்கு நோய்ச் சோதனைச் சான்று கட்டாயம் ஆக்க வேண்டும்.

5. எந்தப் புது விதைச் சட்டத்திலும் விவசாயியின் விதை உரிமை அப்படியே நிற்க வேண்டும். விதை ஏமாற்றினால் நஷ்டஈட்டுக்கு டெல்லிக்கு அலையவிடாமல் மாவட்டத்திலேயே தீர்வு வேண்டும்.

6. கடைமடை இயக்கு அணைகளைச் செப்பனிட்டு உப்புத் தண்ணீர் ஏறாமல் தடுக்க வேண்டும். எந்த செட்டு விதையானாலும் நல்ல தண்ணீர் இல்லாமல் விளையாது.

நாம் செய்ய வேண்டியது

அரசாங்கத்திடம் கேட்பது ஒரு பக்கம். நம் வேலை ஒரு பக்கம். விதை வாங்கும்போது “ரகமா, வீரிய ஒட்டா?” என்று முதல் கேள்வி கேளுங்கள். பில்லில் எழுதி வாங்குங்கள். பையையும் அட்டையையும் அறுவடை முடியும்வரை தூக்கிப் போடாதீர்கள். வீரிய ஒட்டு போட விரும்புகிறவர்கள் போடட்டும், அதை யாரும் தடுக்கவில்லை. ஆனால் ஒரு அரை மாவாவது சொந்த விதைக்கென்று ஒரு ரகம் போடுங்கள். கலவன் பிடுங்கும் வேலையைப் பெண்கள்தான் கண்ணில் பட்டவுடன் செய்வார்கள். விதை கட்டுகிற பக்குவமும் அவர்கள் கையில்தான் இருந்தது. கிளைக் கூட்டத்துக்கு இனி வீட்டுக்கு இரண்டு பேராக வாருங்கள், ஒருவர் தாய்மாராக இருக்கட்டும்.

அந்தப் பெரியவருக்கு நாம் என்ன பதில் சொன்னோம் என்று கேட்பீர்கள். “ஐயா, உங்க கோட்டையில குறை இல்லை. கோட்டைக்குள்ள போன விதையில உங்களுக்குச் சொல்லாத கணக்கு ஒண்ணு இருந்துச்சு” என்றோம். இந்தப் படத்தை மண்ணில் கோடு போட்டுக் காட்டினோம். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “இதை முன்னாடியே ஒருத்தன் சொல்லியிருக்கலாமே” என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்தத் தலையங்கம். சங்கத்தில் இருக்கிற விதை நெல்லில் கொஞ்சம் கொடுத்தோம். அடுத்த சம்பாவில் அவர் விதை கட்டுவார். நமக்கும் திருப்பித் தருவார்.

கோரிக்கை மனு கொடுக்கும் ஆர்ப்பாட்டத்தின் தேதி கிளைச் செயலாளர்கள் மூலம் தெரிவிக்கப்படும். மனுவோடு ஆளுக்கு ஒரு பிடி சொந்த விதை நெல்லும் கொண்டு வாருங்கள். அதுதான் நம் கொடி.

விதை எங்கள் உரிமை! விட்டுக்கொடுக்க மாட்டோம்!
பையில் எழுது! தமிழில் எழுது! பெரிதாக எழுது!
ஒன்றுபடுவோம்! போராடுவோம்! வெற்றி பெறுவோம்!

போராட்ட வாழ்த்துகளுடன்,
சங்கச் செயலாளர்,
முத்துப்பேட்டை.